நடு ஆற்றில் கடாட்சம்

பதினொன்று என்று கடாட்சம் மனத்துக்குள் சொல்லிக்கொண்டார், முகம் குப்புற, முகமூடியும் மூச்சுக்குழாயுமாய், கைகளை முன்னால் நீட்டி, வட நோர்வேயின் ஒக்டோபர் ஆற்றில் ஒரு மரக்கட்டையைப் போல மிதந்தபடி. பதினோராவது மீன், ஆண் சால்மன், கீழ்த்தாடை கொக்கி மாதிரி வளைந்தது, ஏழு கிலோவுக்குக் குறையாது, அவருடைய வலது தோளுக்குக் கீழால் வாலை ஒரு தரம் அசைத்துவிட்டு மேலே போனது, பஸ்ஸில் இடித்துவிட்டு மன்னிப்புக் கேட்காமல் போகிற ஆளைப் போல. தன்னைக் கடந்து பின்னால் போன மீனை மட்டும்தான் எண்ண வேண்டும், முன்னால் விரண்டோடுகிற மீனை எண்ணக் கூடாது, அது கீழே போய் மனம் மாறித் திரும்பி வரும், அப்போது ஒரே மீன் இரண்டு மீனாகிவிடும். இது முதலாவது விதி. இடது கரையோரம் ஸ்டைனார், வலது கரையோரம் ரங்ன்ஹில், நடுவில் தான், மூன்று பேரும் ஒரே வரிசையில் மிதக்க வேண்டும், ஒருவர் முந்தக் கூடாது, இது இரண்டாவது. மூன்றாவது விதி, முன்கையில் கட்டிய பிளாஸ்டிக் தட்டில் அவ்வப்போது பென்சிலால் குறித்துக்கொள்ள வேண்டும், தலையை நம்பக் கூடாது. தட்டு இருக்கிறது. பென்சில் பாலத்தடி நீரோட்டத்தில் நூலறுந்து போய்விட்டது, இந்நேரம் கடலுக்குப் பாதிவழி போயிருக்கும். கையை உயர்த்தி நிறுத்தச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நானென்ன சின்னப்பிள்ளையா பென்சில் தொலைந்தது என்று ரீச்சரிடம் போய் நிற்க, ஒன்றரைக் கிலோமீட்டர் ஆறு, அதில் எத்தனை மீன் வந்துவிடப்போகிறது, பெரிசு சிறிசு பிரிப்பு இல்லாவிட்டாலும் மொத்தமாவது தலையில் நிற்காதா. பன்னிரண்டு, பெட்டை, வயிறு கனத்தது. பதின்மூன்று. நெற்றியில் ரப்பர் உடுப்பு மூடாத அந்த இரண்டு விரற்கடை இடத்தில் மட்டும் தண்ணீர் ஊசியாய்க் குத்தியது, நாலு பாகை என்று காலையில் ஸ்டைனார் சொன்னார், போன வருடத்தைவிட ஒரு பாகை கூட என்று, அதை ஒரு விருந்துச் செய்தி மாதிரிச் சொன்னார். பதினான்கு. சொல்ல வேண்டும். இன்றைக்குச் சொல்லியே ஆக வேண்டும்.

ஏனென்றால் மனைவி தவமலர் காலையில் கதவடியில் நின்று, இஞ்சி போட்ட தேத்தண்ணியைச் சுடுதண்ணிப் போத்தலில் நிரப்பிக் கையில் தந்து, “இண்டைக்குச் சொல்லாமல் வீட்டை வராதேங்கோ” என்று சொல்லியிருந்தாள். கோபமாகச் சொன்னால் சமாளிக்கலாம், இருபத்தாறு வருடப் பழக்கம். அவள் சிரித்துக்கொண்டு சொன்னாள், அதுதான் பயம். ஒஸ்லோவில் தொடர்மாடி வீடு பார்த்தாயிற்று, நாலாவது மாடி, லிஃப்ட் உண்டு, நவம்பர் கடைசியில் சாமான் ஏற்ற லொறி வருகிறது, மகள் ஆரபிக்கு தை மாதம் பிள்ளை பிறக்கப்போகிறது. இதெல்லாம் தெரிந்த விஷயம், ஒப்புக்கொண்ட விஷயம். ஒப்புக்கொண்டபோது ஜூன் மாதம், ஜூன் மாதத்தில் எதையும் ஒப்புக்கொள்ளலாம், சூரியன் மறைவதில்லை, மனிதன் தூங்காமல் மந்தமாக இருக்கிறான், பதினைந்து, ஒக்டோபர் வந்து இந்த ரப்பர் உடுப்பைப் போட்டதும்தான் தாம் எதை ஒப்புக்கொண்டோம் என்று விளங்கியது. தவமலர் மீது பிழையே இல்லை. அவர்கள் இந்தக் குளிருக்கு வந்தபோது ஊரில் பதினாறு தமிழ்க் குடும்பங்கள், மீன் தொழிற்சாலையில் பாதிப்பேர் தமிழர், சனிக்கிழமை தோறும் யாராவது வீட்டில் இடியப்பம். பிறகு ஒவ்வொன்றாய் எல்லாரும் தெற்கே போனார்கள், போன மாசியில் சந்திரமோகன் குடும்பமும் போயிற்று, லொறியின் பின்னால் கைகாட்டிவிட்டுத் திரும்பி வந்து தவமலர் கதிரையில் இருந்து, “இனி உங்களோட மட்டும் கதைச்சுக் கதைச்சு எனக்குத் தமிழே மறந்துபோகப் போகுது” என்றாள். அவர் அதற்கு என்ன சொன்னார்? “ம்” என்றார். அதுதான் அவளுடைய வாதம் முழுவதும், அந்த “ம்”. பதினாறு, பதினேழு, சோடியாக. அவளுக்கு ஆட்கள் வேண்டும், வாசலில் நின்று கதைக்க, கறிவேப்பிலை கடன் கேட்க, பிடிக்காமல் போக. அவருக்கு வேண்டியது வருடத்தில் மூன்று கிழமை, இந்தக் குளிர்ந்த கண்ணாடித் தண்ணீர், இதை எந்த வாயால் ஒரு பெண்பிள்ளையின் எட்டு மாத இருட்டுக்கு எதிரே தராசில் வைப்பது? “கண்டறியாத மீன் எண்ணுற வேலை” என்று அவள் சொல்கிறபோது அவருக்கே அது நியாயமாகத்தான் படுகிறது.

சொல்ல வேண்டியது ஒரே ஒரு வசனம். நான் ஒஸ்லோவுக்குக் குடிபோகிறேன், இதுதான் எனக்குக் கடைசிப் பருவம். நோர்வே மொழியில் பதினொரு சொல். கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்திருக்கிறார், வினைச்சொல் எங்கே வர வேண்டும் என்று ஆரபிக்கு எடுத்துக் கேட்டும் இருக்கிறார். திங்கட்கிழமை சொல்லப் போனார். ரங்ன்ஹில் தன் பச்சை வான் வண்டியின் பின்கதவில் இருந்து சப்பாத்தை இழுத்துக்கொண்டிருந்தாள், “என்ன கடா?” என்றாள், அவருடைய முழுப்பெயர் சிவகடாட்சம், நோர்வேக்காரர் அதை வெட்டிக் கடா ஆக்கிவிட்டார்கள், ஆடு என்று அர்த்தம் வரும் என்று அவர் யாருக்கும் சொல்லவில்லை, சொன்னால் அதற்கும் சிரிப்பார்கள்; அவர் வாயைத் திறந்தார், “கையுறையில் ஓட்டை” என்று வந்தது. ஓட்டையே இல்லாத கையுறையை வாங்கி அவள் அரை மணித்தியாலம் ஓட்டை தேடினாள். இவளிடம் சொல்வதற்கு ஏன் இவ்வளவு கஷ்டம்? முப்பத்துநாலு வயது, மகளைவிட ஒன்பது வயதுதான் கூட, ஆனால் மேலதிகாரி. இந்த மொழியில் நீ, நீங்கள் என்று பேதமில்லை, ராசாவுக்கும் நாய்க்கும் ஒரே சொல். இந்த வேலைக்கு வந்த புதிதில் அவர் அதற்கு ஒரு ஏற்பாடு செய்துகொண்டார், ரங்ன்ஹில் சொல்வதை “நீங்கள்” என்று காதில் வாங்குவது, தன் வயதுக்காரரான ஸ்டைனார் சொல்வதை “நீர்” என்று. அந்த ஏற்பாட்டில் பதினொரு வருடம் யாரும் யாரையும் அவமதிக்கவில்லை. ஸ்டைனாரோ பெயரிலேயே மரியாதையை ஒட்டிக்கொண்டு பிறந்த மனிதர், ஸ்டைன் என்பவரைத்தான் எல்லாரும் ஆர் போட்டு மதிக்கிறார்கள் என்று முதல் ஒரு வருடம் கடாட்சம் நினைத்திருந்தார். ரங்ன்ஹில்லைத் தவமலர் ரங்கநாயகி என்பாள். பதினெட்டு. பத்தொன்பது சின்னன், கல்லோடு கல்லாய். செவ்வாய்க்கிழமை துணிந்து, “ஒரு விஷயம் சொல்ல வேண்டும்” என்றே தொடங்கிவிட்டார், அவள், “எனக்கும் ஒன்று சொல்ல இருக்கிறது, நான் முந்துகிறேன்” என்று முந்திவிட்டாள்: வருகிற வருடம் தனக்கு வேறு மூன்று ஆறுகள், இந்த ஆற்றின் எண்ணிக்கைக்குப் பொறுப்பாளராக அவர் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டாளாம். அவர் என்ன செய்தார்? நன்றி என்றார். இரண்டு தரம் சொன்னார்.

இருபது. யாழ்ப்பாணத்தில் ஆறு கிடையாது. மாரிக்கு ஓடுகிற ஒரு வழுக்கையாறு உண்டு, அதையும் மாட்டை ஓட்டிக்கொண்டு கடந்துவிடலாம். அவர் இணுவில்காரர், புகையிலைத் தோட்டம், தண்ணீர் என்றால் கிணறு, கிணற்றுக்குள் இறங்கியவன் உருப்படமாட்டான் என்று வளர்க்கப்பட்ட ஆள். மீன் என்றால் சந்தையில் கண்டது, அதுவும் வெள்ளிக்கிழமையில் இல்லை. இங்கே வந்து தொழிற்சாலையில் சேர்ந்ததும் தகப்பனாருக்குக் கடிதம் எழுதினார், லக்ஸ் வெட்டுகிற வேலை என்று. சால்மனுக்கு இந்த மொழியில் லக்ஸ். தகப்பனார் அதை வாசிகசாலையில் வாசித்துக் காட்டி, மகன் வெளிநாட்டில் சோப்புக் கொம்பனியில் பெரிய ஆள் என்று சொல்லித் திரிந்திருக்கிறார், கடைசிவரை யாரும் அதைத் திருத்தவில்லை. பதினைந்து வருடம் வளர்ப்பு மீன் வெட்டியதில் ஒரு வித்தை கைவந்தது: கூட்டில் வளர்ந்த சால்மனை நிழலை வைத்தே சொல்லிவிடுவார், வாலின் ஓரம் மழுங்கியிருக்கும், செட்டை தேய்ந்திருக்கும், முதுகு கொழுத்து ஒரு கந்தோர் உத்தியோகத்தனின் நடை இருக்கும். கூட்டிலிருந்து தப்பிய மீன் ஆற்றுக்குள் வந்துவிட்டதா என்று பார்க்க அப்படி ஒரு கண் வேண்டும் என்று ஸ்டைனார்தான் வந்து கேட்டார், தொழிற்சாலை மூடிய கிழமை, “உமக்கு நீந்தத் தெரியுமா?” என்றார், கடாட்சம், “தெரியும்” என்றார். மறுநாளே நகரசபை நீச்சல் தடாகத்தில் பெயர் பதிந்தார். தொடக்க வகுப்பு, ஆறு வயதுப் பிள்ளைகள் பதின்மூன்று பேர், நாற்பத்திரண்டு வயதில் அவர் ஒருவர், எல்லாருக்கும் கையில் காற்றடித்த செம்மஞ்சள் பை. ஆரபி கண்ணாடிக்கு வெளியே நின்று, “அப்பா, காலை அடியுங்கோ!” என்று கத்தியது தடாகம் முழுக்கக் கேட்டது. முடிவில் எல்லாருக்கும் ஒரு தவளைப் படம் போட்ட பட்டி தந்தார்கள். இருபத்தொன்று, இருபத்திரண்டு. அந்தப் பட்டியைத் தவமலர் ஜம்பரில் தைத்துவிட்டாள், பகிடிக்கென்று, அவர் அதைப் பகிடியாக எடுக்கவில்லை, இரண்டு குளிர்காலம் போட்டார். சலம் முட்டுகிறது. இந்த இஞ்சித் தேத்தண்ணி. நினைக்கக் கூடாது. நினைத்தால் கூடும், இந்த உடுப்பின் சிப் முதுகில் தோளுக்குத் தோள் ஓடுகிறது, இன்னொருவர் வந்து திறந்துவிட வேண்டும், ஐம்பத்துமூன்று வயதில் ஒன்றுக்குப் போக இன்னொருவருடைய கை. இருபத்து மூன்று.

அப்போது வலப்பக்கத் தண்ணீர் கொஞ்சம் இருண்டது, வேகம் கூடியது. பேர்ச் மரம் வருகிறது. கரையிலிருந்து சாய்ந்து, பாதி நீருக்குள் கிடக்கிற பழைய மரம், அதன் கிளைகளுக்குக் கீழால் ஆறு தலையைக் குனிந்துகொண்டு ஓடும், அவருடைய மூன்றாவது பருவத்தில் அவரும் தலையைக் குனிந்துகொண்டு அதற்குள் போனார். மிதக்கிறவனுக்குக் கிளைகள் சல்லடை, தண்ணீர் போகும், ஆள் போகமாட்டான். மார்பு ஒரு கிளையில், தோள் இன்னொரு கிளையில், மூச்சுக்குழாய்க்குள் தண்ணீர், எல்லாமே சத்தமில்லாமல், மிகவும் தெளிவாக, ஒரு மஞ்சள் இலை முகமூடிக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு அதன் நரம்பெல்லாம் தெரிந்தது, அப்போது அவருக்கு அம்மாவோ பிள்ளையோ கடவுளோ நினைவில் வரவில்லை, காருக்கு வரி கட்டவில்லை என்பது வந்தது. பிறகு ஒரு கை கணுக்காலைப் பிடித்தது. ஸ்டைனார் அவரைப் பின்பக்கமாக இழுத்தெடுத்து, கல்லில் இருத்தி, வாந்தி எடுக்கும்வரை முதுகில் தட்டி, பக்கத்தில் குந்தியிருந்து, கடைசியில் எழும்பி, “நாளைக்கு எட்டு மணி” என்றார். அவ்வளவுதான். தவமலருக்கு இந்தக் கதை தெரியாது. தெரிந்தால் அன்றைக்கே லொறி வந்திருக்கும். ஆனால் எட்டு மணிக்கு அவர் போனார், ஏன் போனார் என்று இன்றைவரை அவருக்கு விளக்கம் இல்லை, போகாவிட்டால் ஸ்டைனாரின் அந்த மூன்று சொல் வீணாகிவிடும் என்றுதான் பட்டது. இடது காலை உதைத்து அவர் ஒதுங்கினார், மரம் வலது பக்கமாகப் போயிற்று, கிளையில் நுரை, நுரையில் இலை, போய்விட்டது, போயேவிட்டது, இனி அடுத்த வருடம்தான் என்று ஆறுதல்பட்டார். அடுத்த வருடம் இந்த மரத்துக்குப் பயப்பட நான் இருக்கமாட்டேன். பயமும் கூடவா போய்விடும்? இருபத்துநாலு. எண்ணு கடாட்சம், எண்ணு.

மடு திறந்தது. இப்படித்தான் அது எப்போதும், ஒரு கதவைத் தள்ளினது போல. அதுவரை முழங்கால் ஆழத்தில் கற்கள் ஓடிக்கொண்டிருக்கும், திடீரென்று அடி இல்லை, பச்சை, அதற்குள் நிழல்கள், நிழல்களுக்குக் கண். இந்தக் கடைசித் துண்டில்தான் எல்லாம் இருக்கிறது. மேலே எண்ணியதெல்லாம் குறைவு. இதோடு மொத்தமாக மூன்று பேருக்கும் சேர்த்து நூறு மீன் கிடைத்தால் வருகிற கோடையில் ஆறு திறந்திருக்கும், கிடைக்காவிட்டால் தூண்டிலுக்குத் தடை, ஸ்டைனார் கரையில் கட்டிவைத்திருக்கிற நாலு மரவீடுகளுக்கும் தூண்டில்காரர் யாரும் வரப்போவதில்லை. அதைப் பற்றி ஸ்டைனார் ஒரு சொல் பேசியதில்லை. இருபத்தைந்து, ஆறு, ஏழு, அவை கூட்டமாகப் பிரிந்து வழிவிட்டன, கலியாண வீட்டில் தாலிகட்டு முடிந்து சாப்பாட்டுக்கு எழும்புகிற சனம் மாதிரி, முப்பது, முப்பத்தொன்று, சிவந்த பக்கங்கள், வெள்ளைத் தழும்புகள், கடலிலிருந்து இங்கே வந்து ஒன்றும் தின்னாமல் நிற்கிறவர்கள், இவர்களுக்கு யார் சொன்னது, முப்பத்துநாலு. ஒரு பெரிய பெட்டை மட்டும் விலகவில்லை. அவருடைய முகத்துக்கு ஒரு முழம் தள்ளி நின்று, ஒரு கண்ணால் அவரைப் பார்த்தது, சந்தையில் விலை கேட்டுவிட்டு வாங்காமல் நிற்கிறவனைப் பார்க்கிற பார்வை. போகிறேனம்மா என்று அவர் அதற்குச் சொன்னார். நாலாவது மாடி. லிஃப்டில் எல்லாரும் தமிழாம், எந்த மாடியில் என்ன கறி என்று லிஃப்டிலேயே தெரியுமாம், வாசலில் செருப்பு வைக்கலாமா, பல்கனியில் முன்வீட்டுப் பல்கனி தெரியும், அந்தப் பல்கனியில் ஒரு மனிதர் சாரத்தோடு நிற்பார், தினமும் காலையில் என்ன அண்ணை பாடு என்பார், என்ன பாடு சொல்வது, நான் ஒரு ஆற்றில் மிதந்துகொண்டிருந்தவன் என்றா, பேரப்பிள்ளையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளலாம், அதுவும் ஒரு மிதப்புத்தானே, ஏழு. ஏழு என்று எண்ணினார். எட்டு என்று எண்ணப் போய் நின்றார். எது ஏழு?

நாற்பத்தேழா, முப்பத்தேழா. மூச்சுக்குழாய்க்குள் மூச்சு பெரிதாய்க் கேட்டது. முப்பத்துநாலில் அந்தப் பெட்டை. அதற்குப் பிறகு லிஃப்ட். லிஃப்டுக்கும் செருப்புக்கும் நடுவில் ஒரு பத்துப் போனதா? போயிருக்கலாம், கண் எண்ணிக்கொண்டுதான் இருக்கும், பதினொரு வருடப் பழக்கம், பல்கனி மனிதர் பேசிக்கொண்டிருந்தபோது மூன்று சின்ன மீன் இடப்பக்கமாகப் போனது நினைவிருக்கிறது, அல்லது அது போன வருடம். ஸ்டைனார் பழைய முறையில் ஏழும் நாற்பதும் என்று திருப்பிச் சொல்வார், ரங்ன்ஹில் புது முறையில் நாற்பதும் ஏழும், கடாட்சம் தமிழில் எண்ணி நோர்வேயில் சொல்கிறவர், இந்த மூன்று பாதையில் எந்தப் பாதையிலாவது ஒரு பத்து விழுந்து கிடக்கிறதா என்று அவர் திரும்பிப் பார்த்தார், மனத்தால். அதற்குள் இன்னொரு மீன் போனது, எண்ணுவதா விடுவதா, எட்டு என்று ஒரு பேச்சுக்கு வைத்தார், நாற்பத்தெட்டோ முப்பத்தெட்டோ எட்டு எட்டுத்தான், இல்லை, அது முன்னால் போன மீன், ஏழுதான். நடுவில் நாற்பத்திரண்டு என்று சொன்னால் என்ன? யார் தலைக்குள் வந்து பார்க்கப்போகிறார்கள்? தொழிற்சாலையில் மேற்பார்வையாளர்கள் பெட்டிக் கணக்கை அப்படித்தான் எழுதுவார்கள், உலகமே அப்படி எழுதப்பட்டுத்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால் இது பெட்டி இல்லை. ஆறு அகலித்தது, அடிக்கல் மேலே வந்தது, முழங்கால் மணலில் தட்டியது. எண்ணிக்கை முடிகிற வளைவு வந்துவிட்டது. மற்ற இருவரும் எழும்பி நின்று முகமூடியை நெற்றிக்குத் தள்ளிவிட்டார்கள். அவர் இன்னும் குப்புறக் கிடந்தார், மூன்றங்குலத் தண்ணீரில், எழும்ப மனமில்லாமல்.

“இருபத்தொன்பது” என்றார் ஸ்டைனார், தாடியிலிருந்து தண்ணீர் சொட்ட. “எனக்கு முப்பத்துமூன்று” என்று ரங்ன்ஹில் தன் தட்டில் எழுதினாள். “உங்களுக்கு, கடா?” கடாட்சம் எழும்பி நின்றார். இருபத்தொன்பதும் முப்பத்துமூன்றும் அறுபத்திரண்டு. அதோடு முப்பத்தேழு சேர்ந்தால் தொண்ணூற்றொன்பது, நாற்பத்தேழு சேர்ந்தால் நூற்றொன்பது. அவர் தொலைத்த அந்தப் பத்துக்குள்தான் ஸ்டைனாரின் கோடைகாலம் முழுவதும் கிடந்தது. ரங்ன்ஹில் பென்சிலைத் தட்டில் வைத்தபடி காத்திருந்தாள். அவர் வாயைத் திறந்தார். “நான் ஒஸ்லோவுக்குக் குடிபோகிறேன்” என்று வந்தது, “இதுதான் எனக்குக் கடைசிப் பருவம்”, வினைச்சொல் சரியான இடத்தில், பதினொரு சொல்லும் ஒன்றும் சிந்தாமல். ஸ்டைனார் அவரை மேலிருந்து கீழே பார்த்து, “இந்த உடுப்போடயா?” என்றார். ரங்ன்ஹில் சிரிக்கவில்லை. “தெரியுமே” என்றாள். “எப்படி?” “தவமலர் ஆவணியிலேயே சொல்லிவிட்டா, கடையில், பால் இருக்கிற பக்கத்தில். நவம்பர் இருபத்தேழு லொறி.” கடாட்சம் ஸ்டைனாரைப் பார்த்தார். ஸ்டைனார் கையுறையைக் கழற்றுவதில் மும்முரமாக இருந்தார். “எனக்கு உம்முடைய பனி தள்ளுகிற மெஷினைத் தருவதாகச் சொன்னா” என்றார் தாழ்ந்த குரலில், “நானாகக் கேட்கவில்லை.” ஊர் முழுக்கத் தெரிந்திருக்கிறது. பால் வாங்குகிறவர்கள் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. அவர் மட்டும் கண்ணாடி முன்னால் நின்று வினைச்சொல்லை நகர்த்திக்கொண்டு இருந்திருக்கிறார். “பிறகேன் பொறுப்பாளர் என்று என் பெயரை...?” “எண்ணிக்கை மூன்று கிழமைதானே” என்றாள் ரங்ன்ஹில், “ஒஸ்லோவிலிருந்து விமானம் வருகிறது. தவமலரிடம் கேட்டுத்தான் எழுதினேன். ஒக்டோபரில் உங்களை வீட்டுக்குள் வைத்திருந்தால் தன்னால் தாங்க முடியாதாம், கட்டாயம் அனுப்பிவைப்பாவாம். உங்களிடம் அவவே சொல்வதாகச் சொன்னா.” சொல்லவில்லை. ஒரு சொல் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டு தேத்தண்ணிப் போத்தலைத் தந்தாள். அவருக்கு வந்தது சந்தோஷமா, வெட்கமா, கோபமா என்று பிரித்துப் பார்க்க நேரமில்லை, மூன்றும் ஒன்றாய் வந்து, கீழே சலமும் முட்டி, கண் ரப்பருக்குள் பிதுங்கியது. “அது இருக்கட்டும்” என்று ரங்ன்ஹில் பென்சிலைத் தட்டினாள், “எத்தனை மீன்?”

“தெரியாது” என்றார் கடாட்சம். அப்போதுதான் அவள் முகம் மாறியது. ஆள் தெற்கே போவதற்கு மாறாத முகம், பென்சில் தொலைந்த கதையையும் பத்துத் தொலைந்த கதையையும் கேட்கக் கேட்க இறுகிப்போய், கடைசியில் அவள் தட்டில் எழுதியிருந்த இரண்டு எண்ணையும் பெருவிரலால் அழித்தாள். “இரண்டு மணித்தியாலம் மீனை அமைதியாக விடுவோம். பிறகு பாலத்திலிருந்து திரும்ப.” ஸ்டைனார் அவருடைய முதுகுச் சிப்பைத் திறந்துவிட்டார். பேர்ச் மரங்களுக்குப் பின்னால் கடாட்சம் நின்ற நேரம் மிக நீண்டது, அவ்வளவு நேரமும் வேறு ஒரு நினைப்பும் வரவில்லை, உலகத்தில் ஒரு மனிதன் இவ்வளவு வெறுமையாக நிற்கலாம் என்பது அவருக்குப் புதிதாக இருந்தது. பிறகு மூன்று பேரும் ரப்பர் உடுப்போடு கரைவழியே ஒன்றரைக் கிலோமீட்டர் நடந்தார்கள், தாராக்கள் மாதிரி, வழியில் நாயோடு வந்த ஒரு கிழவி ஒதுங்கி நின்று, “ஒஸ்லோவுக்கு வாழ்த்துகள்” என்று அவருக்குக் கைகாட்டினாள். இரண்டாம் தரம் அவர் ரங்ன்ஹில்லின் பென்சிலைப் பாதியாய் முறித்து வாங்கிக்கொண்டு இறங்கினார். ஐந்து மீனுக்கு ஒரு கட்டு, நாலு கோடு, குறுக்கே ஒன்று. சொல்ல வேண்டியது ஒன்றும் மிச்சமில்லாத தலைக்குள் எண் மட்டும் போனது. மரம் வந்தது, பயந்தார், ஒதுங்கினார். மடு திறந்தது, அந்தப் பெரிய பெட்டை திரும்பவும் வழிவிடாமல் நின்றது, அவர் அதோடு கதைக்கப் போகவில்லை, ஒரு கோடு இழுத்தார். வளைவில் எழும்பியபோது எட்டுக் கட்டு, ஒரு தனிக்கோடு. “இருபத்தெட்டு” என்றார் ஸ்டைனார். “முப்பது” என்றாள் ரங்ன்ஹில். இருபத்தெட்டும் முப்பதும் ஐம்பத்தெட்டு என்று கடாட்சத்தின் தலை அவரைக் கேளாமலே கூட்டிவிட்டது. ஐம்பத்தெட்டும் நாற்பத்தொன்றும். அவர் தட்டைப் பார்த்தார். ஒரு கோடுதான். பென்சில் கையில் இருக்கிறது, ஈரத்தில் ஒரு கோடு கூடக் குறைய விழுவது புதினமல்ல, வலது கரைக்கும் தனக்கும் நடுவில் ஒரு நிழல் போனது, அது மீனாகவும் இருந்திருக்கலாம். ஸ்டைனார் அவரைப் பார்க்கவில்லை. அவர் பார்க்காமல் ஆற்றின் அந்தக் கரையில் எதையோ பார்த்துக்கொண்டு நின்றது, கணுக்காலைப் பிடித்த அந்தக் கை போலவே இருந்தது. அது நிழல். மீன் இல்லை. “நாற்பத்தொன்று” என்றார் கடாட்சம். ரங்ன்ஹில் எழுதினாள், கூட்டினாள், திரும்பக் கூட்டினாள், தொண்ணூற்றொன்பது என்று சொல்லி ஸ்டைனாரைப் பார்த்தாள். அவர் மெல்லத் தலையாட்டினார். “முதல் தரமே முப்பத்தேழு என்று சொல்லித் தொலைத்திருந்தால் இந்த நடை மிச்சம்” என்று கடாட்சத்தின் தோளில் ஒரு தட்டுத் தட்டினார், கொஞ்சம் பலமாகவே. “கோடையில் வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கலாம். இவ்வளவு காலமும் நேரம் கிடைக்கவில்லை.”

வானின் பின்கதவில் இருந்துகொண்டு, விறைத்த விரலால் நாலு தரம் பிழையாய் அழுத்தி, அவர் வீட்டுக்கு எடுத்தார். தவமலர் முதல் மணியிலேயே எடுத்தாள். “என்னப்பா, சொன்னனீங்களோ?” குரல் பால் மாதிரி இருந்தது. ஆவணியிலிருந்து இந்தக் குரல் இப்படித்தான் இருந்திருக்கிறது, அவர்தான் கவனிக்கவில்லை. கேட்கலாம், ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று, பனி தள்ளுகிற மெஷினைப் பற்றி, மூன்று கிழமையைப் பற்றி, வாய்வரை வந்தது. அவளாகச் சொல்லும்வரை பார்ப்போம் என்று விழுங்கினார். “சொன்னன்” என்றார். “ரங்கநாயகி என்ன சொன்னவ?” கடாட்சம் ஆற்றைப் பார்த்தார். ஒரு மீனுக்குக்கூடப் பொய் சொல்லாத நாள் இது, இனி இதற்குமேல் ஒருவனால் எவ்வளவுதான் நேர்மையாய் இருக்க முடியும். “அழுதிட்டா” என்றார். “மெய்யே?” “ஓம். தேம்பித் தேம்பி. நான்தான் ஒரு மாதிரித் தேற்றினன்.” அந்தப் பக்கம் கைபேசியை வாயிலிருந்து தள்ளிப் பிடிக்கிற சரசரப்புக் கேட்டது, பிறகு ஒரு தொண்டைச் செருமல். “ஸ்டைனாரும் அழுதவரோ?” என்று தவமலர் கேட்டாள். அவர் திரும்பிப் பார்த்தார். ஸ்டைனார் அங்கே கரைக்கல்லில் தனியாக இருந்து, ஒரு சப்பாத்தைக் கவிழ்த்து, உள்ளே இருந்த தண்ணீரை மெதுவாக ஆற்றுக்குள் திருப்பி ஊற்றிக்கொண்டிருந்தார்.

“கொஞ்சம்” என்றார் கடாட்சம்.